ஆயாவின் கேசட்டுகளும் முத்தியால்பேட்டைக் கடையும்

எங்கள் ஆயா, அதாவது அப்பாவைப் பெற்ற பாட்டி, சென்ற ஆண்டு ஆடி மாதம், கடலூர் முதுநகரில் தாம் வாழ்ந்த வீட்டிலேயே, 91 வயதில் காலமானார். அவருடைய புகைப்படங்கள் ஏழெட்டு இருக்கின்றன; குரல் மட்டும் எங்கள் எவருடைய கைப்பேசியிலும் இல்லை. தொலைபேசியில் பேசினால் காசு ஓடுகிறது என்ற எண்ணம் கடைசிவரை அவரை விட்டுப் போகாததால், "நல்லா இருக்கியா, சரி வச்சிடு" என்பதற்கு மேல் அவர் அதில் பேசியதே இல்லை. அவர் குரல் என்று எஞ்சியிருப்பவை, குவைத்தில் இருந்த சித்தப்பாவுக்கு 1986 முதல் 1989 வரை அவர் பேசி அனுப்பிய நான்கு கேசட்டுகள்தாம். அவற்றில் மூன்றைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் உள்ள ஒரு கடையில் கொடுத்து டிஜிட்டலாக மாற்றி வாங்கியிருக்கிறேன். இப்படிப்பட்ட கேசட்டை வீட்டில் வைத்துக்கொண்டு, எங்கே கொடுப்பது, கொடுத்தால் ஒழுங்காகத் திரும்பி வருமா என்று தயங்குகிறவர்களுக்காக இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கேசட்டில் கடிதம் அனுப்பிய வழக்கத்தை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்பதுகளில் கடலூர், பரங்கிப்பேட்டை, புதுச்சேரிப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போனவர்களின் வீடுகளில் எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார்கள் பலர் இருந்தார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதும் கடிதத்தில் தாயின் பேச்சு பாதிதான் போய்ச் சேரும். வெளிநாட்டுத் தொலைபேசி அழைப்போ செலவு மிகுந்தது. அழைப்புக்கு முன்பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கவும் வேண்டும். ஊருக்கு வந்து திரும்புகிற யாரிடமாவது ஒரு கேசட்டைக் கொடுத்தனுப்பினால், மகனிடம் ஒரு மணி நேரம் பேசிவிடலாம். சித்தப்பா முதல் விடுப்பில் வாங்கிவந்த நேஷனல் பானசோனிக் டேப் ரிக்கார்டரைக் கூடத்தில் பாயின் மேல் வைத்து, அதன் எதிரில் ஆயா சம்மணமிட்டு உட்கார்ந்துகொள்வார். பொத்தானை அழுத்த மட்டும் என் அப்பா வேண்டும். அழுத்திய பிறகு அப்பா உட்பட எவரும் அங்கே இருக்கக் கூடாது.

வந்த கேசட்டைக் கேட்டுவிட்டு, அதிலேயே பதிலைப் பதிந்து திருப்பி அனுப்புவதுதான் அன்று எல்லோரும் செய்தது. சித்தப்பாவும் முதலில் அப்படித்தான் செய்தார். பிறகு வந்த நான்கின் மேல் தம் குரலைப் பதிய அவருக்கு மனம் வரவில்லை. பதிலுக்குப் புதிய கேசட் வாங்கி அனுப்பினார். அதனால்தான் அந்த நான்கும் தப்பின. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படை குவைத்துக்குள் புகுந்த பிறகு, அங்கிருந்த இந்தியர்களில் சுமார் 1,70,000 பேர் விமானங்களில் மீட்கப்பட்டார்களே, அவர்களில் எங்கள் சித்தப்பாவும் ஒருவர். பாக்தாத் வழியாகச் சாலையில் ஜோர்டான் சென்று, அம்மானிலிருந்து விமானம் ஏறி பம்பாயில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரே ஒரு தோள்பை. நான்கு ஆண்டுச் சம்பாத்தியத்தில் வாங்கிய எதையும் கொண்டுவர முடியாத நிலையில், பாஸ்போர்ட்டோடும் ஒரு மாற்றுத் துணியோடும் இந்த நான்கு கேசட்டுகளையும் அதில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார்.

போருக்குத் தப்பிய கேசட்டுகள் புயலுக்குத் தப்பவில்லை. 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஓடுகளில் பாதி பறந்துவிட்டன. ட்ரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. துணிகளை வெயிலில் காயப்போட்ட நாங்கள், பிளாஸ்டிக் பையில் சுற்றியிருந்த கேசட்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று எண்ணி, அப்படியே திரும்ப உள்ளே வைத்துவிட்டோம். உள்ளே தங்கிய ஈரம் கடற்கரைக் காற்றின் புழுக்கத்தோடு சேர்ந்து என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியவில்லை. ஆயா போன பிறகு பெட்டியைத் திறந்தபோது, கேசட்டின் கண்ணாடிச் சன்னல் வழியாக நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருந்தது தெரிந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அவசரத்தில் நான் செய்த முதல் வேலை தவறாகப் போனது. நான்கில் நன்றாக இருந்த ஒன்றை வெளியூர் நிறுவனம் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பினேன். நாடா அறுபடாமல் திரும்பி வந்தது. கூடவே ஒரு எம்.பி.3 கோப்பும் வந்தது. கேட்ட மாத்திரத்தில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இரைச்சலை அகற்றுகிறோம் என்று மென்பொருளில் போட்டு வடித்து வடித்து, ஆயாவைத் தகரக் குழாய்க்குள்ளிருந்து பேச வைத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய குறை, பேச்சில்லாத இடங்களையெல்லாம் வெற்றிடம் என்று கருதி வெட்டியெறிந்து, 58 நிமிடப் பேச்சை 41 நிமிடமாகச் சுருக்கியிருந்தார்கள். ஆயா மூச்சு விடாமல் ஒப்பிப்பது போலிருந்தது. எங்கள் ஆயா ஒருநாளும் அப்படிப் பேசியவர் அல்லர்.

முத்தியால்பேட்டைக் கடையைப் பற்றி எனக்குச் சொன்னவர், புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழைய இசைத்தட்டுகளும் வானொலிப் பெட்டிகளும் பரப்பி விற்கும் ஒரு பெரியவர். கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை; அந்தத் தெருவில் "கேசட் கடை" என்று கேட்டால் கைகாட்டுவார்கள். குறுகலான படியேறிப் போனால் மாடியில் ஓர் அறை. நடத்துபவர் அறுபதைக் கடந்தவர். தொண்ணூறுகளில், பாட்டுப் பட்டியலைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து தரும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தவர். அந்தத் தொழில் போன பிறகும் இயந்திரங்களைக் கைவிடாமல், பழுதுபார்த்து ஓட்டிக்கொண்டிருக்கிறார். சுவரோரம் கேசட்டை ஓட்டும் டெக்குகள் நான்கு அடுக்கியிருந்தன. மேசையில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் வைத்திருப்பது போன்ற சிறு திருப்புளிகள், பஞ்சு, மருத்துவ ஆல்கஹால் குப்பி ஆகியவை இருந்தன. அண்ணன் என்றுதான் நான் அவரை அழைத்தேன். இந்தக் கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

கேசட்டுகளை வாங்கியவுடன் அவர் எதையும் ஓட்டிப் பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் முதுகுப் பக்கத்திலும் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தாழ்களைத் திருப்புளி நுனியால் நெம்பி உடைத்தார். அந்தத் தாழ் இல்லாவிட்டால் பதிவுப் பொத்தான் அழுந்தாது. தவறுதலாகக்கூட அதன் மேல் வேறெதுவும் பதிவாகாது. "இத வாங்கின அன்னிக்கே செஞ்சிருக்கணும்மா" என்றார். அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு தைத்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பூஞ்சை பிடித்த கேசட்டை நல்ல டெக்கில் போட்டால் அதன் ஹெட்டிலும் (நாடாவைத் தொட்டு ஒலியைப் பதியும், படிக்கும் பாகம்) உருளையிலும் ஒட்டி, அடுத்து வருகிற ஆளின் கேசட்டுக்கும் அது பரவிவிடும் என்பதால், துப்புரவு வேலைக்கென்றே ஒரு பழைய டெக்கை அவர் தனியாக வைத்திருக்கிறார். முதலில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு காற்றுப் புகாத டப்பாவில் கேசட்டுகளைச் சில நாள் மூடி வைத்தார். பிறகு முகக்கவசம் கட்டிக்கொண்டு, சன்னலோரம் உட்கார்ந்து, மென்மையான துணியின் ஊடாக நாடாவை மெல்ல மெல்லக் கையாலேயே சுற்றினார். 60 நிமிடக் கேசட்டுக்குள் இருப்பது ஏறத்தாழ 90 மீட்டர் நாடா. அகலம் 4 மில்லிமீட்டரைவிடச் சற்றுக் குறைவு. அதில் ஆயாவின் குரலைத் தாங்கி நிற்பது இரும்பு ஆக்சைடு துகள்களின் மெல்லிய பூச்சுதான். அவசரப்பட்டு இழுத்தால் பூச்சு பெயர்ந்து வரும். பெயர்ந்த இடத்தில் இருந்த சொல் போனது போனதுதான். இரண்டு கேசட்டுகளில், நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் கம்பளித் துண்டு பசை காய்ந்து விழுந்திருந்தது. அவற்றின் நாடாவை மட்டும் எடுத்து, திருகாணி போட்ட வேறு கூடுகளுக்கு மாற்றினார். பழைய கூடுகளையும், ஆயா சொல்லி அப்பா எழுதி ஒட்டிய பெயர்ச் சீட்டு கிழியாமல், பத்திரமாகத் திருப்பித் தந்தார்.

அதன் பிறகுதான் ஒலி. வீட்டு ரிக்கார்டரின் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தால், அதில் பதிந்ததும் அதே சாய்வோடு இருக்கும். நேராக உள்ள டெக்கில் ஓட்டினால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கிக் கேட்கும். ஆகவே ஒவ்வொரு கேசட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும், ஹெட்டின் பக்கத்திலுள்ள திருகாணியை அவர் காதால் கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சரிசெய்கிறார். நான் பக்கத்தில் இருந்தபோதுதான் முதல் கேசட்டுக்கு இதைச் செய்தார். திருப்புளி கால் சுற்றுகூடத் திரும்பியிருக்காது. "சாப்ட்டியா" என்ற சொல்லின் தொடக்கத்தில் மெல்லிய சீழ்க்கை போலக் காற்று வந்தது. ஆயாவுக்கு மேல்வரிசையில் முன்பல் ஒன்று விழுந்திருந்தது. சகரம் வரும் சொல்லிலெல்லாம் அந்த இடைவெளியில் காற்றுப் போகும். பல் செட் கட்டிக்கொண்ட பிற்காலத்தில் அது நின்றுபோனதால், நானே அதை மறந்திருந்தேன். நான் அழுவதைப் பார்த்து அண்ணன் டெக்கை நிறுத்திவிட்டார். வெளியூர் நிறுவனத்தின் கோப்பில் அந்தச் சீழ்க்கை இல்லவே இல்லை. நாடாவின் சீறலோடு அதையும் சேர்த்து மென்பொருள் துடைத்திருந்தது. அண்ணன் சொன்னது இது: "காத்து சத்தம்னு இத எடுத்தா, அவங்க வாயையே எடுத்த மாதிரிம்மா. எதயும் எடுக்காம ஒண்ணு தர்றேன். அதுதான் மூலம். அப்பறம் உங்களுக்கு என்ன வேணுமோ செஞ்சுக்கலாம்."

இந்தக் கடையை நான் பரிந்துரைப்பதற்கு இந்த ஒரு கொள்கையே போதும். நாடாவில் உள்ளது எதுவானாலும் அப்படியே இறக்கி, 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் (சுருக்கப்படாத ஒலி) கோப்பாகத் தருகிறார். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. இடம் பிடிக்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாக எம்.பி.3 பிரதி ஒன்றும் தருகிறார். அதிலும் அவர் எதையும் வெட்டுவதில்லை. அதனால் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தவை ஏராளம். ஆயா பேசிக்கொண்டிருக்கையில் துறைமுகம் சந்திப்பு நிலையத்திலிருந்து ரயில் எஞ்சின் ஊதுகிறது. "இரு, வண்டி போவட்டும்" என்று சொல்லிவிட்டு, அது ஓயும்வரை அவர் பேசாமல் இருக்கிறார். இன்று அகலப்பாதையாகிவிட்ட அந்தத் தடத்தில் மீட்டர் கேஜ் வண்டி கடகடத்துப் போய்த் தேயும் ஓசை முழுமையாகப் பதிந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மி, கோழியை விரட்டும் "சூ" என்ற அதட்டல், கிணற்றுச் சகடை எல்லாம் இருக்கின்றன. சில இடங்களில், ஆயா ஒரு சொல்லைச் சொல்வதற்கு ஓரிரு நொடி முன்பே அதே சொல் மிக மெலிதாகக் கேட்கிறது. ஆண்டுக்கணக்கில் சுற்றியே கிடந்த நாடாவில், ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் ஏறிவிடுவதால் அப்படி நேர்கிறதாம். "தம்பி" என்று அழைப்பதற்கு முன்னால் தூரத்தில் ஒரு "தம்பி" கேட்கிறது.

ஆயா பேசிய விதத்தையும் சொல்லியாக வேண்டும். அவருக்கு அது பதிவு அல்ல. எதிரில் மகன் உட்கார்ந்திருக்கிறான். "டிராப்டு வந்துச்சுப்பா" என்று பணக்கணக்கை ஒப்புவிப்பார். மாசி மகத்துக்குச் சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தேவனாம்பட்டினம் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வந்ததையும், கூட்டத்தில் என் அக்கா அரை மணி நேரம் காணாமற்போனதையும் சொல்வார். சமையல் தெரியாத மகனுக்குக் கருவாட்டுக் குழம்பு சொல்லித் தருவார்: "கருவாட்ட சுடுதண்ணில அலசு, உப்ப பாத்துப் போடு, மாங்கா கெடைச்சா ரெண்டு கீத்து போடு." இவற்றுக்கிடையே ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் நிறுத்துவார். "ஒடம்பு நல்லாருக்கா?" என்று கேட்டுவிட்டு, ஒருவர் பதில் சொல்லி முடிக்க ஆகும் நேரம் காத்திருந்து, "அப்படியா, சரி" என்று அடுத்ததற்குப் போவார். அந்த நிறுவனம் வெட்டியெறிந்த 17 நிமிடம் பெரும்பாலும் இதுதான். சித்தப்பாவிடம் கேட்டேன். "அந்த எடத்துல ரூம்ல இருக்கிற ஆறு பேரும் பதில் சொல்லுவோம்" என்றார். தாயைப் பிரிந்து கிடந்த ஆறு பேருக்கும் ஆயா அங்கே தாயாக இருந்திருக்கிறார்.

மூன்றாவது கேசட்டில் ஒரு சிக்கல் இருந்தது. பதியும்போது பேட்டரி இறங்கிக்கொண்டே போனதால் ரிக்கார்டரின் வேகம் குறைந்திருக்கிறது. மெதுவாகப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மெலிந்து விரைவாகக் கேட்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் ஆயா சிறுமிபோல் பேசுகிறார். எவ்வளவு குறைந்தது என்று நாடாவைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அண்ணன் என்னிடம், "அவங்க குரல் நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர கூட்டிட்டு வாங்க" என்றார். சித்தப்பாவைக் காரில் அழைத்துப்போய், படியேற்றி உட்கார வைத்தேன். அண்ணன் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே வந்தார். கண்ணை மூடியிருந்த சித்தப்பா, "இன்னும்" என்றார். "இன்னும் கொஞ்சம்" என்றார். ஓரிடத்தில் கையை உயர்த்தினார். நிமிடத்துக்கு நிமிடம் வேகம் மாறியிருந்ததால், அந்தப் பத்து நிமிடத்தைச் சரிசெய்ய அன்று பிற்பகல் முழுவதும் ஆனது. இதற்காக அண்ணன் தனியாக ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. திருத்தியது, திருத்தாதது இரண்டையும் தனித்தனிக் கோப்புகளாகக் கொடுத்தார்.

இரண்டாவது கேசட்டின் பின்பக்கத்தில் பெரும்பகுதிக்கு ஆயா இல்லை. 1991-இல், எனக்குப் பதினொரு வயதில், வானொலியிலிருந்து பாட்டுப் பதிய ஆசைப்பட்டு, கையில் கிடைத்த கேசட்டை எடுத்துப் பதிந்தவள் நான். ஆயா பார்த்தார், என்னைத் திட்டவில்லை, "புள்ள ஆசப்படுது, உடு" என்று சித்தப்பாவை அடக்கினார். பாட்டுகள் 22 நிமிடத்தில் முடிந்துவிடுகின்றன. பொத்தானை நிறுத்திய சத்தத்துக்குப் பிறகு, ஒரு வாக்கியத்தின் நடுவிலிருந்து ஆயா தொடர்கிறார்: "...அதான் சொன்னேன், வரும்போது பாத்துக்கலாம்னு." எதைச் சொன்னார் என்பது சித்தப்பாவுக்கும் நினைவில்லை. நாடாவில் மேலே பதிந்ததை விலக்கி அடியில் இருந்ததை எடுக்க முடியுமா என்று அண்ணனிடம் கேட்டேன். முடியாது என்று உடனே சொன்னார். பணம் வாங்கிக்கொண்டு முயன்று பார்ப்பதாக அவர் சொல்லாததை நான் மதிக்கிறேன். தயவுசெய்து இன்றே உங்கள் கேசட்டுகளின் தாழ்களை உடைத்துவிடுங்கள்.

கட்டணம் கேசட்டுக்கு 400 ரூபாய், கூடு மாற்ற 150 ரூபாய், பூஞ்சை எடுக்க 200 ரூபாய். மூன்றும் சேர்த்து எனக்கு 2,100 ரூபாய் ஆனது. ஐந்து வாரம் பிடித்தது. 60 நிமிட நாடாவை 60 நிமிடம் ஓட்டித்தான் இறக்க வேண்டும் என்பதால், அவசரப்படுத்துவதில் பயனில்லை. குறைகள் உண்டு. கொடுத்ததற்கு ரசீது தருவதில்லை; இன்னொரு பிரதி இல்லாத பொருளைத் துண்டுச்சீட்டுகூட இல்லாமல் ஒப்படைத்துவிட்டு வருவது முதல் வாரம் என்னைத் தூங்கவிடவில்லை. வாங்கும்போதே பெயரும் எண்ணிக்கையும் எழுதித் தரும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள். கூரியரில் அனுப்பினால் வாங்கமாட்டார், நேரில்தான் போக வேண்டும். படி செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்கள் கீழிருந்தே கூப்பிடலாம், அவர் இறங்கி வருவார். கோப்புகளுக்கு வெறும் எண்தான் இடுகிறார். எந்த ஆண்டு, யாருக்கு, எந்தப் பக்கம் என்று வீட்டுக்கு வந்த அன்றே நாமே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பென்டிரைவ் ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம் என்று அவரே சொல்கிறார். நாங்கள் அக்கா வீட்டில் ஒன்று, என்னிடம் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று என்று மூன்று இடங்களில் வைத்திருக்கிறோம்.

நான்காவது கேசட் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. தானே புயலில் அதிகம் நனைந்தது அதுதான். சுருளில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அதைப் பிரிக்கத் தொடங்கினால் பூச்சு உரிந்துவிடும் என்றும், மழை ஓய்ந்து தை பிறந்த பிறகு தொடுகிறேன் என்றும் அவர் சொன்னார். நான் சரி என்றேன். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல்லை வாராவாரம் மாற்றுகிறார். அந்தக் கேசட்டின் சீட்டில் அப்பாவின் கையெழுத்தில், "அம்மா பேசியது, பொங்கல் 1989" என்று இருக்கிறது. சித்தப்பா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்னைக் கூப்பிட்டு, கடையிலிருந்து தகவல் வந்ததா என்று கேட்கிறார்.